எண்ணெய்க்கு வழி சொன்ன ஓடுகள்

தேவிகுளத்தில் எத்தனை ஆழம் துளைத்தாலும் பெட்ரோல் வராது. தேயிலைக்கு அடியில் இருப்பது பூமியின் உள்சூட்டில் வெந்து இறுகிய பாறை. பெட்ரோலுக்குப் பழைய கடல் வேண்டும்.

டைனோசர் உருகித்தான் பெட்ரோல் ஆனது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உண்மையில் அது பெரும்பாலும் கடலில் மிதந்த நுண்பாசிகளின் மிச்சம். காற்றுப் படாத சேற்றில் புதைந்து, சுமார் 60 முதல் 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல லட்சம் வருடம் வெந்தால் எண்ணெய். சூடு இன்னும் ஏறினால் வெறும் வாயு.

அதே கடலில் ஃபொராமினிஃபெரா என்ற ஒரு செல் பிராணிகளும் வாழ்ந்தன. பெரும்பாலானவை மணல் பருமன்தான். ஆனால் காலத்துக்குக் காலம் ஓட்டின் வடிவம் மாறும். கரையோரத்து ஓடு வேறு, ஆழ்கடல் ஓடு வேறு. கிணறு துளைக்கும்போது மேலே வரும் பாறைத்தூளைக் கழுவி, சலித்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பாறையின் வயசும் அன்றைய கடலின் ஆழமும் தெரியும். கூடவே வரும் மகரந்தத் துகள் சூட்டைச் சொல்லும். மஞ்சள் என்றால் வேகவில்லை, கறுப்பு என்றால் தீய்ந்துவிட்டது.

1921-ல் எஸ்தர் ஆப்ளின் என்ற அமெரிக்கப் பெண் இந்த ஓடுகளை வைத்துப் பாறைக்கு வயசு சொல்லலாம் என்றார். ஒரு பேராசிரியர் கேலி செய்தார். 1925-ல் ஆப்ளினும் இன்னும் இரண்டு பெண்களும் டெக்ஸாஸ், லூசியானா கடலோரத்தின் நிலத்தடி அடுக்குகளை இப்படியே வரிசைப்படுத்திக் காட்டினார்கள். அப்புறம் எண்ணெய்க் கம்பெனிகள் சிரிக்கவில்லை.

நமக்குக் காவிரிப் படுகை இருக்கிறது. 1980-களில் நரிமணத்தில் ஓ.என்.ஜி.சி. எண்ணெய் கண்டது. டெல்டாவில் வெகு ஆழத்தில் கிடக்கும் கிரெட்டேஷியஸ் காலத்துக் கடல் படிவங்கள், மேற்கே பெரம்பலூர் அருகே காரையில் தரைக்கு மேலேயே தெரிகின்றன. சுமார் 10 கோடி வருடத்துச் சேறு.

2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, புதிய எண்ணெய்க் கிணறுகளுக்குச் சட்டம் தடை போட்டது. ஓடுகளுக்கு வேலை போய்விடவில்லை. அன்றைய கடல் எத்தனை சூடாக இருந்தது என்ற கணக்கும் அவற்றில்தான் இருக்கிறது. எண்ணெயை எரித்துப் பூமியைச் சூடாக்கிக்கொண்டிருக்கும் நமக்கு அந்தக் கணக்கு வேண்டும்.

காரைக்குப் போகிறவர்கள் ஞாபகத்துக்கு ஒரு புதைபடிவத்தைப் பையில் போட்டுக்கொள்ளாமல் இருந்தால் நல்லது. எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாவிட்டால், அது வெறும் அலமாரிப் பொம்மை.