பத்து ரூபா வாஷருக்கு ஒரு வக்காலத்து

வேனுக்கு ஆயில் மாத்துறப்ப டிரெயின் நட்டோட வாஷரையும் மாத்தணுமா, வேண்டாமா? எங்க ஊர் டீக்கடையில இதைக் கேட்டா ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு நிப்பாங்க. "இத்தனை வருசமா பழசையேதான் மாட்டுறோம், என்ன குடியா முழுகிப் போச்சு?"ன்னு ஒரு கட்சி. ஒவ்வொரு தடவையும் புதுசு போடணும்ங்கிறது இன்னொரு கட்சி. நான் ரெண்டாவது கட்சி. ஏன்னு சொல்றேன். கார், பைக் வச்சிருக்கிற பட்டணத்து நண்பர்களுக்கும் இது பொருந்தும்.

என்ஜினுக்கு அடியில ஆயில் தேங்கி நிக்கிற தொட்டியை சம்ப்னு சொல்வாங்க. அதோட அடியில ஒரு போல்ட்டு இருக்கும். அதைக் கழட்டினா பழைய ஆயில் இறங்கிடும். திரும்ப முடுக்கினா போல்ட்டை மரை பிடிச்சுக்குது, ஆனா ஆயிலைத் தடுத்து நிறுத்துறது நடுவுல இருக்கிற வாஷர்தான். போல்ட்டோட முகமும் சம்ப்போட முகமும் பார்க்க வழுவழுன்னு இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் உண்டு. வாஷர் பெரும்பாலும் செம்பு, இல்லேன்னா அலுமினியம். முடுக்குற வேகத்துல அது கொஞ்சம் நசுங்கி, அந்த மேடு பள்ளத்தை அடைச்சுக்கும். ஒரு தடவை நசுங்கினது நசுங்கினதுதான். கழட்டி மாட்டினா பழைய அச்சுல போய் உட்காராது. அதுலயும் செம்பு, அமுங்க அமுங்க இறுகிப் போற உலோகம்.

பழைய வாஷர் போட்ட எல்லா வண்டியும் ஒழுகுமான்னா, ஒழுகாது. எதிர்க்கட்சி சொல்றதுல அந்த அளவுக்கு உண்மை இருக்கு. செம்பு வாஷரை அடுப்புல செவக்கக் காய்ச்சி எடுத்தா திரும்ப மெதுவாகிடும். பழைய மெக்கானிக்குகளுக்குத் தெரிஞ்ச வித்தை அது, சரியான வித்தையும்கூட. ஆனா அலுமினியத்துல அதைச் செஞ்சு பார்க்காதீங்க. செம்பு உருக ஆயிரம் டிகிரிக்கு மேல வேணும், அலுமினியம் 660 டிகிரியிலயே உருகிடும். செவக்கும்னு காத்திருந்தா கையில ஒண்ணும் மிஞ்சாது.

நான் பயப்படுறது ஒழுகலைப் பார்த்துக்கூட இல்லீங்க, ஒழுகின பிறகு நடக்கிறதைப் பார்த்துத்தான். சொட்டு விழுதுன்னு தெரிஞ்சதும் நம்ம ஆளு ஸ்பேனரை எடுத்து இன்னும் ஒரு முறுக்கு முறுக்குவான். அடுத்த சர்வீஸ்ல மறுபடியும் ஒரு முறுக்கு. ரெண்டு மூணு தடவை ஆனதும் சம்ப்புல மரை போயிடும். அலுமினிய சம்ப்புன்னா இன்னும் சீக்கிரம் போகும். அப்புறம் லேத் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போய் ஹெலிகாயில் போடணும், இல்லேன்னா புது சம்ப்பு வாங்கணும். வாஷர் விலை ஒரு டீயும் வடையும் சாப்பிடுற காசு. சம்ப்பு வேலை ஆயிரக்கணக்குல போகும். வண்டி நிக்கிற நாளுக்கு வாடகை வண்டிக்காசு தனி.

சொட்டுதானேன்னு விடுறவங்களுக்கு ஒரு கணக்கு. நிமிசத்துக்கு ஒரு சொட்டுன்னா நாளைக்கு 1,440 சொட்டு. தோராயமா 50 மில்லி. இருபது நாள்ல ஒரு லிட்டர். சின்ன வேன்ல மொத்தமே மூணு லிட்டர் சுமாருக்குத்தான் ஆயில் பிடிக்கும். டேஷ்போர்டுல சிவப்பு விளக்கு இருக்கேன்னு சொல்லாதீங்க. பெரும்பாலான வண்டியில அந்த விளக்கு ஆயில் அளவைக் காட்டுறதில்ல, அழுத்தத்தைக் காட்டுது. அது எரியுற நேரத்துக்கு பேரிங்குக்கு ஆயில் போறது குறைஞ்சிருக்கும். வயக்காட்டு ஆளுங்களுக்கு இது புதுசில்ல. வரப்புல நண்டு வளை விரலளவுதான் இருக்கும். ராத்திரி விட்டுட்டுத் தூங்கினா விடியறப்ப வயல் தண்ணி பூரா பக்கத்து வயல்ல நிக்கும்.

எங்களுக்கு வேன்ங்கிறது சௌகரியத்துக்கு வச்சிருக்கிறது இல்ல. ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏத்திட்டுப் போறப்ப வழியில என்ஜின் ஜாம் ஆச்சுன்னா, மெக்கானிக் வர்ற வரைக்கும் தக்காளி காத்திருக்காது. பறிச்ச கூலி, பெட்டி வாடகை எல்லாம் ஏற்கெனவே கொடுத்தாச்சு. சரக்கு லேட்டாப் போனா அன்னிக்கு என்ன விலைக்குக் கேக்குறாங்களோ அதுதான் விலை. மூணு மாசப் பாடு ஒரு வட்டத் தகடுல தொங்குது.

இதுக்கு மெக்கானிக்கை மட்டும் குத்தம் சொல்ல நான் தயாரில்ல. பில்லுல வாஷர்னு ஒரு வரி போட்டா "இதுக்குமா காசு?"ன்னு சண்டைக்குப் போறது நாமதான். நாம பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டினா அவர் எதுக்கு வாங்கி வைப்பார்? பட்டணத்துல பெரிய சர்வீஸ் சென்டர்ல கண்ணாடி ரூம்ல உக்கார வச்சு காபி கொடுத்துடுறாங்க, வண்டிக்கு அடியில என்ன நடக்குதுன்னு பார்க்க முடியுறதில்ல. ஆனா பில்லு உங்க கைக்கு வருது. ஆயில், பில்டர்னு எழுதியிருக்கும். வாஷர்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா கேளுங்க. கேக்குறது மரியாதைக் குறைவு இல்ல.

நான் சொல்றது இதுதான். உங்க வண்டி மாடலுக்கு ஏத்த வாஷரை அஞ்சாறு வாங்கி டேஷ்போர்டு பெட்டியில போட்டு வையுங்க. எல்லா வண்டிக்கும் ஒரே அளவு கிடையாது. சிலதுக்கு ரப்பர் ஒட்டினது வரும், சிலதுல போல்ட்டோட சேர்ந்தே வரும், அதுக்கு மேனுவல்ல சொன்னபடி செய்யுங்க. பழைய வாஷர் சில சமயம் சம்ப்புலயே ஒட்டிக்கிட்டு நிக்கும். அதை எடுக்காம மேலயே புதுசைப் போட்டா ரெட்டை வாஷராகி அதுவும் ஒழுகும். ஆயில் ஊத்தினதும் என்ஜினை ரெண்டு நிமிசம் ஓட விட்டு, நிறுத்தி, அடியில குனிஞ்சு ஒரு தடவை பாருங்க. அப்புறம் சமதரையில வச்சு டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்க.

இன்னொண்ணு. இறக்கின பழைய ஆயிலை கிணத்து மேட்டுலயோ வாய்க்கால்லயோ ஊத்திடாதீங்க. கரையானுக்கு நல்லதுன்னு மண்ணுல ஊத்துறவங்க எங்க ஊர்லயும் இருக்காங்க. சட்டப்படி அது அபாயக் கழிவு. பழைய கேன்ல பிடிச்சு, பழைய ஆயில் எடுக்கிறவங்ககிட்ட சேர்க்கிற பட்டறையில கொடுத்துடுங்க. கிணத்துத் தண்ணியை வடிகட்ட எந்தக் கடையிலயும் வாஷர் விக்கிறதில்ல.