போனதும் போகாததும்



ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய பிள்ளை, "நேற்றுக் கொண்டுவந்தேன்" என்பதற்கு "ப்ரிங்ட்" என்கிறது. சரியான சொல் "ப்ரோட்". ஆங்கிலம் தெரிந்த உம்மா தலையில் குட்டுகிறார். தெரியாத உம்மா பேசாமல் இருந்துவிடுகிறார். குட்டு வாங்கிய பிள்ளையோ மறுநாள் முதல் வாயையே திறப்பதில்லை. இழப்பு அங்கேதான்.

அந்தப் பிள்ளை மக்கு அல்ல. "வோக்" என்றால் "வோக்ட்", "குக்" என்றால் "குக்ட்" எனக் கேட்டுக் கேட்டு, இறந்தகாலத்துக்குரிய விதியைத் தானே கண்டுபிடித்திருக்கிறது. அதற்கு அடங்காதது வினைச்சொல்தான். ஆங்கிலேயரின் குழந்தைகளும் இதே பிழையைச் செய்துதான் வளர்கிறார்கள்.

நம் தமிழ் மட்டும் என்னவாம்? செல், கொல், வெல் என்பவை சென்றான், கொன்றான், வென்றான் என்றாகின்றன. "சொல்" மட்டும் "சொன்னான்" என்கிறது! மத்ரஸாவில் சர்ஃபு ஓதியவர்களுக்கும் இது புதிதல்ல. "கதப" என்ற அமைப்பில் "கவல" என்று வரவேண்டியது "கால" என்று நிற்கும். வாவ் அலிஃபாக மாறியதற்கு உஸ்தாதிடம் சட்டம் உண்டு. "கோ" எப்படி "வென்ட்" ஆயிற்று என்பதற்குச் சட்டமில்லை, கதைதான் உண்டு. "கோ"வின் பழைய இறந்தகாலச் சொல் வழக்கொழிந்தது. வழிச்செல்லுதலைக் குறித்த வேறொரு வினையின் இறந்தகாலமான "வென்ட்" அந்த இடத்தில் குடியேறிவிட்டது.

அடிக்கடி புழங்கும் சொற்களே இப்படி முரண்டு பிடிக்கின்றன. ஓயாமல் சொல்வதால் பழைய வடிவம் மறப்பதில்லை. அரிதாகப் பேசப்படுபவை விதிக்குள் வந்துவிடுகின்றன. பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளை ஆராய்ந்த ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தார், இன்றும் ஒழுங்கற்றவையாக இருப்பவை 98 மட்டுமே என்று 2007 இல் எழுதினார்கள். "ஹெல்ப்" என்பதன் இறந்தகாலம் முன்பு "ஹோல்ப்", இப்போது "ஹெல்ப்ட்". நம் பிள்ளை செய்யும் பிழையைத்தான் அந்த மொழிக்காரர்களும் நூற்றாண்டுக் கணக்கில் செய்து வந்திருக்கிறார்கள்!

இங்கே திருநெல்வேலியில் 1974 இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க ஆங்கிலமே வேண்டும். அந்த வாசலை நம் பெண்பிள்ளைகளும் மிதிக்க வேண்டுமானால், இப்போதே அவர்களுடைய வாய் திறந்திருக்க வேண்டும்.

இலக்கணப் புத்தகத்தின் கடைசிப் பக்கப் பட்டியலை அகரவரிசையில் மனனம் செய்யவைப்பது வீண் வேலை. ஓசையால் சேர்த்துச் சொல்லவையுங்கள். சிங், சேங், ரிங், ரேங், ட்ரிங்க், ட்ரேங்க் ஒரு கூட்டம். ப்ரோட், போட், தோட் இன்னொரு கூட்டம். புட், கட், ஹிட் மாறவே மாறாதவை. ஆங்கிலம் தெரியாத உம்மாவும் புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, சமைத்துக்கொண்டே கேட்கலாம்.

ஒரு பொறி மட்டும் மிச்சம். "போகவில்லை" என்பதற்கு, "டிட் நொட்"டுக்குப் பின் "வென்ட்" போட்டுவிடுவார்கள் பிள்ளைகள். "கோ" என்பதே சரி. "போனவில்லை என்று சொல்வாயா?" என்று கேட்டுப் பாருங்கள். "போகவில்லை" என்றுதானே நாமும் சொல்கிறோம்! பிள்ளை சிரிக்கும், பிடித்தும் கொள்ளும்.