நிலம் கொடுத்தவர்களுக்கு என்ன பேச்சு என்று கேட்பவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் பாதியில் எழுந்து போனவர்கள் இதையாவது கடைசிவரை படியுங்கள்.

நேற்று நம் குடும்பக் குழுவில் வடலூர்ப் பெருவெளி பற்றிப் பேச்சு வந்தது. 2024-இல் அங்கே வள்ளலார் சர்வதேச மையத்துக்கு அடிக்கல் நாட்டி வேலை தொடங்கியபோது, பார்வதிபுரம் மக்கள் எதிர்த்தார்களே, விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போனதே, அதைப் பற்றித்தான். மாப்பிள்ளை முறையாகும் ஒருவர், "நிலத்தைத் தானமாக் குடுத்தாச்சு. நூத்தம்பது வருஷம் கழிச்சு அவங்களுக்கு என்ன பேச்சு?" என்று எழுதினார். அதற்குப் பத்துப் பதினைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். அதில் என்னிடம் படித்த பிள்ளைகளும் உண்டு.

மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபமில்லை. இந்தக் கேள்வியை உங்கள் வாயில் போட்டதே என்னைப் போன்ற வாத்தியார்கள்தான்.

"சத்திய ஞான சபையை நிறுவியவர் யார்?" இது ஒரு மதிப்பெண் வினா. ஒரு வருடம், வடலூர்ப் பக்கத்திலிருந்து வந்து விருத்தாசலத்தில் படித்த பையன் ஒருவன், "வள்ளலாரும் பார்வதிபுரத்துக்காரர்களும்" என்று எழுதியிருந்தான். பின்பாதியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு அரை மதிப்பெண் போட்டேன். "எங்க ஊரு சார்" என்றான். "ஊர்ப் பெருமையைப் பரீட்சையில எழுதாதே" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

இப்போது சொல்கிறேன், அவன் எழுதியதுதான் சரியான விடை.

நடந்ததைப் பாருங்கள். வள்ளலார் வடலூரில் பிறந்தவர் அல்லர். மருதூரில் பிறந்து, சென்னையில் வளர்ந்து, 1858 முதல் கருங்குழியில் தங்கியிருந்தவர். பசித்தவர்க்குச் சோறு போட ஒரு சாலை வேண்டும் என்றார். அவர் கையில் நிலம் இல்லை. பார்வதிபுரத்து மக்கள் 80 காணி கொடுத்தார்கள். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 106 ஏக்கர். கடலூர் – விருத்தாசலம் சாலையும் சென்னை – கும்பகோணம் சாலையும் சந்திக்கிற இடம். நான்கு திசையிலிருந்தும் பசியோடு வருகிறவன் கடந்து போகிற இடம். 1867 மே 23 அன்று அங்கே தருமச்சாலை அடுப்பு மூட்டப்பட்டது. 1872 ஜனவரி 25 அன்று சபை திறந்தது.

இது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் பாடத்தில் சொல்லவில்லை.

1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் வள்ளலார் அறைக்குள் போனார், கதவு சாத்தப்பட்டது. அந்தக் கதவைப் பற்றி உங்கள் வாட்ஸ்அப்பில் எத்தனை ஃபார்வர்டு வருகிறது! உள்ளே என்ன ஆனது, ஒளியானாரா, வெள்ளைக்காரன் வந்து என்ன பார்த்தான் என்று. நான் கேட்பது வேறு. மறுநாள் காலையில் வடலூரில் உலை வைத்தது யார்?

யாரோ வைத்தார்கள். இரண்டே வருடத்தில், 1876-இல், சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1878 வரை நீடித்து, லட்சக்கணக்கானவர்களைக் கொண்டுபோன பஞ்சம். 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அப்படியானால் அந்தப் பஞ்சத்திலும் யாரோ விறகு சுமந்திருக்கிறார்கள். யாரோ ஊர் ஊராகப் போய் அரிசி கேட்டு வாங்கி வந்திருக்கிறார்கள். தன் வீட்டுப் பானை காலியாக இருக்கும்போது பொதுப் பானையில் அரிசி போட்டிருக்கிறார்கள். அற்புதம் வேண்டும் என்றால் இதைப் பாருங்கள். சாத்திய கதவைவிட எரிந்த அடுப்பு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அந்த முதல் கூட்டத்தில் நம் நினைவில் நிற்பவர்கள் இரண்டு மூன்று பேர். அவர்களில் ஒருவர் கல்பட்டு ஐயா. திருநறுங்குன்றத்தில் குருவுக்காகக் காத்திருந்தவரை வள்ளலாரே போய் அழைத்து வந்தார் என்பார்கள். குரு போன பிறகும் ஐயா வடலூரை விட்டுப் போகவில்லை. 1902-இல் மறையும் வரை அங்கேயே இருந்தார். தருமச்சாலைக்குப் பக்கத்திலேயே அவருடைய சமாதி. தைப்பூசத்துக்குப் போய் ஏழு திரை விலகி ஜோதி பார்த்துவிட்டு வருகிறீர்களே, உங்களில் எத்தனை பேர் அங்கே ஒரு நிமிடம் நின்றிருப்பீர்கள்? நானும் பல வருடம் நிற்காமல் வந்தவன்தான்.

அவர் பெயராவது தெரிகிறது. நிலம் கொடுத்தவர்கள்? விறகு பிளந்தவர்கள்? கஞ்சி ஊற்றிய பெண்கள்? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்.

என் மாணவன் ஒருவன் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் இருக்கிறான். போன ஜூலையில் பேசும்போது, "இன்னைக்கு இங்க லீவு சார், முன்னோடிகள் தினம்" என்றான். அங்கே மோர்மன்கள் என்று ஒரு சமயத்தார். அவர்களுடைய நிறுவனர் ஜோசப் ஸ்மித்தை 1844-இல் கொன்றுவிட்டார்கள். இருந்த ஊரை விட்டும் விரட்டினார்கள். 1847 ஜூலை 24 அன்று பிரிகாம் யங் தலைமையில் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார்கள். பின்னால் வந்தவர்களில் வண்டிமாடு வாங்க வசதியில்லாதவர்கள் கைவண்டியில் மூட்டையை வைத்து, ஆயிரம் மைலுக்கு மேல் இழுத்து வந்தார்கள். 1856-இல் தாமதமாகப் புறப்பட்ட இரண்டு கூட்டத்தார் பனியில் மாட்டி, இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். செத்தவர் பெயர், பிழைத்தவர் பெயர், யார் எந்தக் கூட்டத்தில் வந்தார் என்பதையெல்லாம் தேடித் தேடி எழுதி வைத்திருக்கிறார்கள். தன் கொள்ளுப்பாட்டி எந்த வருடம் நடந்து வந்தாள் என்று அங்கே பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லுமாம்.

அவர்கள் சமயம் எனக்குத் தேவையில்லை. அவர்கள் போய் உட்கார்ந்ததும் அங்கே முன்பே வாழ்ந்த பழங்குடிகளின் மண்ணில்தான். அதையும் மறக்கக்கூடாது. ஆனால் நிறுவனர் செத்த பிறகு ஊரைக் கட்டியது சாதாரண மனிதர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் வடலூரார் யார் மண்ணையும் பிடுங்கவில்லை. தங்கள் சொந்த மண்ணைக் கொடுத்தார்கள். அவர்களுக்கு நாம் ஒரு விடுமுறை தர வேண்டாம், ஒரு வரி தந்தோமா?

இது வடலூருக்கு மட்டும் வந்த நோய் இல்லை. நம் விருத்தாசலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பீங்கான் ஊர் என்று பெருமை பேசுகிறோம். உங்களில் பலருடைய அப்பா அம்மா பீங்கான் பேட்டையில் மண் பிசைந்து, அச்சில் ஊற்றி, சூளைச் சூட்டில் நின்று சம்பாதித்த காசில்தான் என் வகுப்புக்கு வந்தீர்கள். தொழிற்பேட்டையைத் திறந்து வைத்தவர் பெயரைக் கல்வெட்டில் பார்க்கலாம். முதல் சூளைக்குத் தீ வைத்தவர் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது?

பெயர் மறந்தால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். நட்டம் இதுதான் மாப்பிள்ளை. பெயர் மறந்த பிறகு அவர்கள் பேரப்பிள்ளை வந்து வாய் திறந்தால், "உனக்கு என்ன பேச்சு?" என்று கேட்கத் தோன்றுகிறது. பார்வதிபுரத்தார் கேட்டது இதுதான். பூசத்துக்குக் கூடுகிற ஜனம் நிற்க அந்த வெளி வெளியாகவே இருக்கட்டும், மையத்தை வேறு இடத்தில் கட்டுங்கள் என்றார்கள். மையம் நல்லதா கெட்டதா என்பதில் நீங்கள் ஒரு பக்கம் இருக்கலாம், நான் ஒரு பக்கம் இருக்கலாம். ஆனால் எதற்காகக் கொடுத்தோம் என்று நினைவுபடுத்துவது கொடுத்தவன் வீட்டுக்கு உள்ள உரிமை. தானம் கொடுத்தவன் பொருளைத்தான் கொடுக்கிறான், நாக்கையும் சேர்த்து அறுத்துக் கொடுப்பதில்லை.

அடுத்த பூசத்துக்கு வடலூர் போகிறவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். தருமச்சாலையில் சாப்பிடுங்கள். கல்பட்டு ஐயா சமாதியில் கொஞ்சம் நில்லுங்கள். பிறகு பார்வதிபுரத்துக்குள் போய், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் யாரிடமாவது, "உங்க வீட்டிலேர்ந்து யாருங்கய்யா நிலம் குடுத்தது?" என்று கேளுங்கள். சொன்ன பெயரை எழுதி வாருங்கள். பீங்கான் பேட்டையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், உங்கள் அப்பா அம்மா பெயரையும் அவர்கள் செய்த வேலையையும் கீழே பின்னூட்டத்தில் எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் நான் திருத்திக்கொள்கிறேன்.

அந்தப் பையன் எங்கிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. இப்போது அவனுக்கும் தலை நரைத்திருக்கும். தம்பி, இதைப் படித்தால் ஒரு போன் பண்ணு. உனக்கு நான் அரை மதிப்பெண் பாக்கி.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
விருத்தாசலம்