விளக்குமாறு கண்டு வெருளும் நாய்

பொழுது புலருமுன் முற்றம் கூட்டுவது நம் தீவகத்துப் பெண்மக்களின் நெடுநாள் வழக்கம். ஊர்காவற்றுறையிலாயினும், நயினாதீவிலாயினும், கடல் நடுவே கிடக்கும் நெடுந்தீவிலாயினும், ஈர்க்கு விளக்குமாறு மண்ணைக் கீறும் ஓசையோடுதான் வீடு விழிக்கிறது. அவ்வோசை கேட்டுக் கோழிகள் இரை தேடி முற்றத்துக்கு வருகின்றன. வீட்டு நாய் மட்டும் வாலை ஒடுக்கிக்கொண்டு கோடிப்புறம் ஓடி ஒளிகிறது. வேறு சில நாய்களோ பல்லைக் காட்டி விளக்குமாற்றின் மீதே பாய்கின்றன. கள்வனுக்கு அஞ்சாத காவல் நாய், ஒரு பிடி ஈர்க்குக்கு அஞ்சுவானேன்?

காரணத்தை நாயிடம் தேடுமுன் நம் கையிலே தேடுதல் நன்று. நம் வீடுகளில் விளக்குமாற்றுக்குத் தொழில் இரண்டு. குப்பை கூட்டுவது ஒன்று. அடுக்களை வாசலில் தலை நீட்டும் நாயைத் துரத்துவது மற்றொன்று. நாய் நன்கறிந்தது இந்த இரண்டாவது தொழிலையே. வைரவருக்கு வடைமாலை சாத்தி வணங்கிய அதே கை, வீடு திரும்பியதும் அவருடைய வாகனத்தின் மேல் விளக்குமாற்றை ஓங்குகிறது. ஓங்கியது அடிப்பதற்கா, வெருட்டுவதற்கா என்று நாய் ஆராய்வதில்லை. விளக்குமாறு உயர்ந்தால் துன்பம் வரும் என்பதை மட்டும் அது மறவாது.

அடிபட்டறியாத நாயும் அஞ்சுவதுண்டு. அமெரிக்க அறிஞர்களான ஸ்கொட், புல்லர் என்னும் இருவர் நாய்க்குட்டிகளின் வளர்ச்சியைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1965 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். பிறந்து 3 ஆம் வாரம் முதல் ஏறக்குறைய 12 ஆம் வாரம் வரை உள்ள பருவமே குட்டிகள் உலகத்தோடு உறவு கொள்ளும் பருவம் என்பது அவர்கள் கண்ட உண்மை. அக்காலத்தில் அமைதியாகக் கண்டு பழகியவற்றை அவை பின்னர் இயல்பாக ஏற்கும். வளவு மூலையில் வடலி மறைவிலே பிறந்து, வளர்ந்த பின்னர் வீட்டுக்கு வந்த குட்டிக்கு, தும்புத்தடியும் வாளியுங்கூடப் பூதங்களாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இதைச் சிரித்துவிட்டு விடுவதற்கில்லை. ஒதுங்க இடமின்றி மூலையில் அகப்பட்ட அச்சம் பல்லாக மாறும். விறாந்தை கூட்டும் பாட்டியோ, விளக்குமாற்றை எடுத்து விளையாடும் குழந்தையோ கடிபட நேரலாம். கடிபட்டால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். விசர்நாய்க்கடி நோய் கண்டபின் உயிர் பிழைத்தல் மிக அரிது. கடித்த நாயின் கதியும் இரங்கத்தக்கதே. உண்டு வளர்ந்த வீட்டின் படலை அதன்பின் அதற்குத் திறப்பதில்லை.

இவ்வச்சத்தைப் போக்கும் வழி நூறாண்டுகளுக்கு முன்பே அறியப்பட்டது. 1924 ஆம் ஆண்டில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர், முயலுக்கு அஞ்சி அழுத பீற்றர் என்னும் சிறுவனைப் பற்றி எழுதினார். சிறுவன் விரும்பிய உணவை உண்டுகொண்டிருக்கையில், கூட்டில் இருந்த முயலைத் தொலைவில் வைத்து, நாளடைவில் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். முடிவில் அச்சிறுவன் முயலைத் தடவி மகிழ்ந்தான். விலங்குக்கு அஞ்சிய பிள்ளைக்கு உதவிய அம்முறையே, பொருளுக்கு அஞ்சும் விலங்குக்கும் உதவும்.

முதலில் விளக்குமாற்றை முற்றத்தில் அசையாது கிடக்க விடுங்கள். நாய் அதைக் கண்டும் விலகாமல் நிற்கும் தொலைவு எதுவோ, அங்கே முள் நீக்கி உப்பின்றி அவித்த மீன்துண்டுகளைக் கொடுங்கள். மீனுக்கு நம் தீவுகளிற் பஞ்சமில்லை. நாய் தயங்காது உண்டால், மறுநாள் ஓரடி நெருங்கலாம். அது பழகியபின், வேறொருவர் விளக்குமாற்றை எடுத்து உடனே கீழே வைக்கட்டும். அடுத்து, தொலைவில் நின்று நிலத்தில் ஒருமுறை மெல்ல இழுக்கட்டும். விளக்குமாறு அசைந்தவுடன் மீன் வரவேண்டும். அது ஓய்ந்தால் மீனும் ஓயவேண்டும். இந்த ஒழுங்கு தவறலாகாது. காது பின்மடிந்தாலோ, கண்ணின் வெள்ளை தெரிந்தாலோ, நாய் உண்ண மறுத்தாலோ, நாம் விரைந்துவிட்டோம் என்று பொருள். முந்திய தொலைவுக்குத் திரும்புங்கள். கட்டி வைத்துப் பழக்குவதும், மூக்கருகே நீட்டி “இதற்கா பயம்?” என்று ஏளனம் செய்வதும் அச்சத்தை வளர்க்கும். பழக்கம் முடியும்வரை, நாயை அப்புறப்படுத்திய பின்னரே வீடு கூட்டுங்கள். நன்கு பழகிய நாய் திடீரென வெருளத் தொடங்கினால், நோவோ நோயோ இருக்கலாம்; மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் நம் பிள்ளைகளின் வீடுகளில் தூசு உறிஞ்சும் மின்பொறி உண்டு. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹேட்ஸ் வரையுள்ள ஒலியையே அறியும். நாயின் செவி ஏறக்குறைய 45,000 வரை அறியும். நமக்கு இரைச்சலாயிருப்பது நாய்க்குப் பெருந்தொல்லையாகலாம். ஆகவே, ஓடாத பொறிக்கு முதலிலும், அடுத்த அறையில் ஓடும் பொறியின் ஒலிக்கு அடுத்தும், கண்முன்னே ஓடும் பொறிக்குக் கடைசியிலும் நாயைப் பழக்குவது முறை.

“விளக்குமாறு இன்றி, அடுக்களைக்குள் நுழையும் நாயை எவ்வாறு வெளியேற்றுவது?” என்று இல்லத்தரசிகள் கேட்பீர்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அதற்கு உணவு வையுங்கள். பெயர் சொல்லி அங்கே அழையுங்கள். சில வாரங்களில் அடுக்களை வாசலைவிட அவ்விடமே அதற்கு இனிதாகும். இவ்வொழுங்கை வீட்டார் அனைவரும் காத்தல் வேண்டும். பத்து நாள் மீன் கொடுத்துப் பெற்ற நம்பிக்கையை, பதினோராம் நாள் ஒருவர் ஓங்கும் விளக்குமாறு ஒரு நொடியில் அழித்துவிடும்.