கேட்பது பங்கு, காட்டுவது கணக்கு

'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பது தமிழரிடையே வழங்கும் பழமொழி. தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே இது பொருந்தும். ஓர் அரசுக்கும் அதன் ஊர்களுக்கும் இடையே இது பொருந்தலாமா?

இந்தியாவின் சிறு நகரங்கள் ஆண்டுதோறும் மாநில அரசின் வாயிலில் வந்து நிற்கின்றன. குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால், சாலை, பேருந்து நிலையம் என அவற்றின் தேவைகள் பல. நகர்மன்றம் கூடித் தீர்மானம் நிறைவேற்றுகிறது. தலைவர் மாநிலத் தலைநகருக்குச் சென்று அமைச்சரிடம் மனு அளிக்கிறார். சில ஊர்களுக்குப் பணம் வருகிறது. பல ஊர்களுக்கு 'ஆவன செய்யப்படும்' என்னும் விடை மட்டுமே வருகிறது. எந்த ஊருக்கு நிதி என்பதைக் குரலின் உரம் முடிவு செய்யக் கூடாது; தேவையும் விதியும் முடிவு செய்ய வேண்டும். கேட்கும் நகரமும் வெறுங்கையோடு நில்லாமல், தன் பங்கையும் கணக்கையும் முன்வைத்துக் கேட்க வேண்டும்.

சிறு நகரம் ஏன் கேட்கிறது?

'தன் ஊரின் சாலையைத் தன் பணத்தில் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே?' என்று சிலர் வினவுவர். வரிகள் எங்கே செல்கின்றன என்று பார்த்தால் விடை கிடைக்கும். வருமான வரியை மத்திய அரசு வசூலிக்கிறது. சரக்கு மற்றும் சேவை வரியை மத்திய அரசும் மாநில அரசும் பகிர்ந்துகொள்கின்றன. பெட்ரோல் மீதான விற்பனை வரியும், வாகன வரியும், பத்திரப் பதிவு வருவாயின் பெரும்பகுதியும் மாநிலத்தைச் சேர்கின்றன. நகராட்சிக்கு எஞ்சுபவை சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், சந்தை, கடை வாடகை போன்றவையே. முன்பு சில மாநிலங்களில், ஊருக்குள் வரும் சரக்குகளின் மீது நகராட்சிகள் ஆக்ட்ராய் என்னும் வரியை வாங்கிவந்தன. காலப்போக்கில் அதுவும் நீக்கப்பட்டது.

மற்றொரு காரணமும் உண்டு. சிறு நகரம் தன் மக்களுக்காக மட்டும் இயங்குவதில்லை. சுற்றியுள்ள கிராமங்களின் சந்தை அங்கேதான்; மருத்துவமனையும் கல்லூரியும் பேருந்து நிலையமும் அங்கேதான். ஒடிசாவின் பூரி நகரத்தை நோக்குக. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 2 இலட்சம் பேர். தேர்த் திருவிழாவிலோ பல இலட்சம் அடியார்கள் வந்து கூடுகின்றனர். அவர்கள் குடிக்கும் நீரும், விட்டுச் செல்லும் குப்பையும் நகரத்தின் சுமை. ஆனால், அவர்களுள் ஒருவரும் பூரியில் சொத்து வரி செலுத்துவதில்லை. ஊரெல்லாம் பயன்படுத்தும் கிணற்றைத் தூர்வாரும் செலவை ஒரு வீட்டின் தலையில் சுமத்துவது எங்ஙனம் முறையாகும்?

சட்டம் தந்த உரிமை

ஆகவே, சிறு நகரம் கேட்பது தன் பங்கையே. இதற்கு அரசியலமைப்பே சான்று. 1992-இல் நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம், நகராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் அளித்தது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகள் பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியலிடப்பட்டன. குடிநீர், சாலைகள், பாலங்கள், பொதுச் சுகாதாரம் ஆகியன அவற்றுள் சில. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநில நிதிக்குழு அமைத்து, மாநில வருவாயில் உள்ளாட்சிகளின் பங்கு எவ்வளவு என ஆராய வேண்டும் என்பதும் விதியாயிற்று.

விதி நன்று, நடைமுறை அதற்கு ஈடாக இல்லை. பல மாநிலங்களில் நிதிக்குழு காலந்தாழ்ந்து அமைகிறது. பரிந்துரைகள் வந்த பின்னும் அவை முழுமையாக ஏற்கப்படுவதில்லை. பணிகள் நகராட்சியின் தோளில் ஏறின. பணம் அதன் பையில் ஏறவில்லை. விதிப்படி வரவேண்டிய பங்கு குறையும்போதுதான், நகரம் மனுவைக் கையில் எடுக்கிறது.

மனுப் போட்டியில் சிறு நகரம் எளிதில் வெல்வதில்லை. பெரிய திட்டத்துக்கு விரிவான திட்ட அறிக்கை வேண்டும். நில அளவு, குழாயின் விட்டம், மின் செலவு, இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பின் மக்கள்தொகை எனக் கணக்கிட்டு எழுத வேண்டும். மாநகராட்சியில் இதற்கெனப் பொறியாளர் பலர் உள்ளனர். சிறு நகராட்சியிலோ தெருவிளக்கு முதல் குப்பை வண்டி வரை பார்க்கும் ஓரிருவரே இதையும் பார்க்க வேண்டும். தேவை மிகுந்த ஊருக்கே அதை எடுத்துரைக்க ஆள் இல்லாமற் போகிறது.

திட்டங்களின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. 2015-இல் தொடங்கிய பொலிவுறு நகரங்கள் திட்டம் 100 நகரங்களைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டில் வந்த அம்ருத் திட்டம் 500 நகரங்களை எடுத்துக்கொண்டது. அவற்றுள் பெரும்பாலானவை ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டவை. சட்டப்படி அமைந்த எல்லா நகரங்களுக்கும் குடிநீர் என்னும் நோக்கம், 2021-இல் அதன் இரண்டாம் கட்டத்தில்தான் சேர்ந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இந்திய நகரங்களில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 37.7 கோடி. பத்து இலட்சத்துக்கு மேல் மக்களைக் கொண்ட 53 பெருநகர்ப் பகுதிகளில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 16 கோடியே. பாதிக்கும் மேற்பட்ட நகர மக்களின் வீடு அவற்றினும் சிறிய ஊர்களில் இருக்கும்போது, அவ்வூர்களைக் கடைசி வரிசையில் நிறுத்துவது நீதியாகாது.

ஆலந்தூர் காட்டிய வழி

அவ்வாறாயின், பணத்தைக் கொடுத்துவிட்டால் போதுமா? போதாது என்பதற்குச் சென்னையை அடுத்த ஆலந்தூரின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு. 2001-இல் ஏறத்தாழ 1.46 இலட்சம் மக்கள் வாழ்ந்த தனி நகராட்சி அது. அங்குப் பாதாளச் சாக்கடை இல்லை. வீடுதோறும் கழிவுநீர்த் தொட்டி இருந்தது. தொட்டி நிறைந்தால் லாரியை அழைக்க வேண்டும். அழைக்காவிடில் கழிவுநீர் தெருவுக்கு வரும், கொசு வீட்டுக்குள் வரும்.

1996-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றம் பாதாளச் சாக்கடை அமைக்க முனைந்தது. திட்டச் செலவு ஏறத்தாழ 34 கோடி ரூபாய். நகராட்சியின் வருவாய்க்கு அது மலை போன்ற தொகை. நகராட்சி மக்களிடம் சென்றது. குடியிருப்போர் சங்கங்களை அழைத்துப் பேசியது. ஒரு வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய் முன்வைப்புத் தொகை என முடிவாயிற்று. மண்ணுக்குள் ஒரு குழாயும் இறங்காத நிலையில், மக்கள் நம்பிப் பணம் கட்டினர். எஞ்சிய தொகையின் பெரும்பகுதி மாநில நிதி நிறுவனங்களின் கடனாகவும் மானியமாகவும் வந்தது. புதிய நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வீடுகளுக்கு இணைப்புக் கிடைத்தது. 2011-இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. அதற்குள் சாக்கடை மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

மக்கள் தம் பணத்தை வைத்தமையால், வேலை நடக்கிறதா என்று அவர்களே கேட்டனர். கடன் கொடுத்தவர்களுக்கும், இவ்வூர் திருப்பிச் செலுத்தும் என்னும் நம்பிக்கை பிறந்தது.

ஏழைகளின் பங்கு

இதற்கு மறுப்பும் உண்டு. '5,000 ரூபாய் கட்ட இயலாதவர் என்ன செய்வார்? வறிய ஊர் எதைப் பங்காக வைக்கும்?' என்னும் வினா புறந்தள்ளத்தக்கதன்று. எல்லா ஊருக்கும் ஒரே அளவுகோல் வைத்தால், வசதி படைத்த ஊரே மேலும் வசதி பெறும். ஆதலால், பங்கு என்பது இயன்ற அளவாக இருக்க வேண்டும். வருவாய் குறைந்த ஊருக்கு மானியம் மிகுதியாக வேண்டும். குடிசைப் பகுதிக்குக் கட்டணம் குறைவாகவோ தவணையாகவோ அமைய வேண்டும். திட்ட அறிக்கை எழுதப் பொறியாளரை மாநில அரசே அனுப்ப வேண்டும்.

ஆனால், எவ்வளவு வறிய ஊரும் வைக்கக்கூடிய பங்கு ஒன்று உண்டு, அது கணக்கு. 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்றனர் முன்னோர். வந்த பணம் எவ்வளவு, எந்தத் தெருவில் எவ்வளவு செலவாயிற்று என்று நகராட்சி வாயிலில் எழுதி வைக்கப் பெரும் பொருள் தேவையில்லை. பதினைந்தாவது நிதிக்குழுவும், கணக்குகளை இணையத்தில் மக்கள் காணும்படி வெளியிடுவதை நகராட்சி மானியத்துக்கு நிபந்தனையாக்கியது.

யானையும் தீனியும்

யானையை வாங்குவது ஒரு நாள் செலவு. தீனி போடுவது ஒவ்வொரு நாள் செலவு. நகரத் திட்டங்களும் அத்தகையனவே. நீர்த்தேக்கத் தொட்டியைத் திறந்து வைக்க விழா உண்டு; அதைக் கழுவுவதற்கு விழா இல்லை. மின் கட்டணமும் பழுதுபார்ப்பும் திட்டத்தில் இடம்பெறாவிடில், புதிய குழாயும் சில ஆண்டுகளில் காற்றையே தரும்.

பூரி இங்கும் பாடம் சொல்கிறது. 2021 ஜூலையில் ஒடிசா அரசு, குழாயைத் திறந்து அப்படியே குடிக்கத்தக்க நீரை இருபத்து நான்கு மணி நேரமும் தரும் திட்டத்தை அந்நகரில் தொடங்கியது. மாநில அரசு குழாயோடு நிற்கவில்லை. மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த 'ஜலசாதி' என்னும் பணியாளர்கள் வீடுவீடாகச் செல்கின்றனர். நீரின் தரத்தைச் சோதிக்கின்றனர். அளவியைப் பார்த்துக் கட்டணம் வாங்குகின்றனர். பணமும் பராமரிப்பும் ஒரே திட்டத்தில் சேர்ந்து வந்தன.

வாழும் ஊரின் கடமை

பெற்றோரின் பணியால் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் பிள்ளைகளுக்குப் பூர்விக ஊர் ஒன்று. வளரும் ஊர் மற்றொன்று. இரயில்வே குடியிருப்பிலோ இராணுவக் குடியிருப்பிலோ வாழ்வோர் பலர். மத்திய அரசின் கட்டடங்களுக்கு நகராட்சி பொதுவாகச் சொத்து வரி விதிக்க இயலாது என்கிறது அரசியலமைப்பின் 285-ஆவது பிரிவு. வரிக்குப் பதிலாகச் சேவைக் கட்டணம் செலுத்தும் ஏற்பாடு உண்டு. அது தவறாமல் செலுத்தப்படுவதும், அந்தச் சிறு நகரம் தலைநிமிர்ந்து நிற்பதற்கு ஒரு துணையே. குடியிருப்பின் சுவருக்கு வெளியே உள்ள சாலையில் நடப்பவர் யாவரும் அவ்வூரின் மக்களே.

சிறு நகரம் பணிவோடு கையேந்தும் நிலை மாற வேண்டும். மாநில அரசு நிதிக்குழுவை உரிய காலத்தில் அமைத்து, வரவேண்டிய பங்கை உரிய காலத்தில் கொடுக்க வேண்டும். நகரம் தன் வரியை ஒழுங்காகத் தண்டி, தன் கணக்கை ஊரறியக் காட்ட வேண்டும். அழாத பிள்ளைக்கும் பசி உண்டு என்று அறிவதே நல்லரசுக்கு அழகு.

பயிற்சி

1. சிறு நகரங்கள் மாநில அரசிடம் நிதி கேட்பதற்குக் கட்டுரை கூறும் காரணங்கள் இரண்டினை எழுதுக.
2. 'பணிகள் நகராட்சியின் தோளில் ஏறின. பணம் அதன் பையில் ஏறவில்லை' - விளக்குக.
3. மக்கள் முன்பணம் கட்டியது ஆலந்தூர்த் திட்டத்துக்கு எவ்வாறு உதவியது?
4. ஏழைகளிடம் பங்கு கேட்பது முறையா? கட்டுரையின் கருத்தோடு நீவிர் உடன்படுவதையோ மாறுபடுவதையோ காரணத்துடன் எழுதுக.
5. நீவிர் வாழும் நகருக்கு உடனடித் தேவையான ஒரு பணியைக் குறிப்பிட்டு, நகராட்சி ஆணையருக்கு ஒரு கடிதம் எழுதுக. அப்பணியில் மக்களின் பங்கு யாது என்பதையும் சேர்க்க.