சுவர் தாங்காதாம்! பங்களாச் சுவர் மட்டும் எப்படித் தாங்கியது?



லயத்தில் தீப்பிடித்தால் மறுநாள் பத்திரிகையில் என்ன வரும் என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். இத்தனை காம்பிராக்கள் எரிந்தன. இத்தனை குடும்பங்கள் தோட்டப் பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ தங்கவைக்கப்பட்டுள்ளன. காரணம் மின்னொழுக்கு. அத்தோடு செய்தி முடிகிறது. விசாரணையும் முடிகிறது.

மின்னொழுக்கு என்று எழுதிவிட்டால் யாரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடுகிறது. கரண்டுக்குக் கையா காலா, பிடித்து உள்ளே போட? ஆனால் அந்தக் கரண்ட் எந்த வயரில் வந்தது, அந்த வயர் எந்தச் சுவரில் தொங்கியது, அந்தச் சுவர் யாருக்குச் சொந்தம் என்று யாரும் கேட்பதில்லை. அதை நாம் கேட்கிறோம்.

தோட்டங்களில் இதைப் பற்றிப் பேசப் போனால் நிர்வாகங்கள் மூன்று பதில்களை வைத்திருக்கின்றன. ஒன்று, லயத்துச் சுவர் பழசு, பிளக் பூட்டினால் தாங்காது. இரண்டு, நீங்கள்தான் கண்டபடி வயர் இழுக்கிறீர்கள். மூன்று, தனி வீடு வரப்போகிறது, லயத்துக்கு எதற்குச் செலவு? இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதல் பதில்: சுவர் தாங்காது

லயத்துச் சுவர் எப்படிப்பட்டது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கருங்கல்லை மண்ணிலோ சுண்ணாம்பிலோ வைத்துக் கட்டி, மேலே சாந்து பூசிய சுவர் சில லயங்களில். கம்பு நட்டு, குறுக்கே வரிச்சி கட்டி, மண் அப்பிப் பூசிய சுவர் வேறு சில லயங்களில். பிள்ளைகள் வளர்ந்ததும் பலகையும் மட்டையும் அடித்து நாமே மறித்த தடுப்புகள் இன்னும் சில. இவற்றில் ஆணி அடித்தால் பொலபொலவென்று உதிரும். ரோல் பிளக் வைத்து முடுக்கினால் இரண்டு மாதத்தில் ஓட்டையோடு கழன்று கையில் வரும். இது உண்மைதான்.

ஆனால் பெரிய துரை பங்களா எப்போது கட்டப்பட்டது? அதுவும் பெரும்பாலான தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம்தான். அங்கே அறைக்கு அறை பிளக் இருக்கிறது. குளிக்கும் அறையில் சுடுதண்ணீர் ஹீட்டர் இருக்கிறது. சில பங்களாக்கள் இன்று சுற்றுலா விடுதிகளாகி, வெளிநாட்டார் வந்து நம் மலையைப் பார்த்துக்கொண்டே நம் தேயிலையைக் குடிக்கிறார்கள். அந்தப் பழைய சுவர்கள் எப்படித் தாங்கின? பணம் போட்டார்கள், வேலை தெரிந்த ஆளை வைத்தார்கள், தாங்கின.

பழைய சுவரில் பிளக் பூட்டுவது மந்திரம் அல்ல. கல்லும் மண்ணுமான சுவர் என்றால், ரோல் பிளக்கை நம்பக்கூடாது. ஓட்டையைச் சற்று அகலமாகத் தோண்டி, காய்ந்த வைர மரக் கட்டையொன்றை உள்ளே வைத்துச் சீமெந்துக் கலவையால் இறுக்கி, அது நன்றாக உறைந்த பிறகு அந்தக் கட்டையில் பெட்டியைத் திருகாணியால் முடுக்க வேண்டும். வரிச்சிச் சுவர் என்றால், விரலால் தட்டிப் பார்த்தாலே உள்ளே கம்பு நிற்கும் இடம் தெரியும். வெறும் இடம் குடுகுடுவென்று ஒலிக்கும்; கம்பு உள்ள இடம் கெட்டியாக ஒலிக்கும். இரண்டு கம்புகளுக்குக் குறுக்கே ஒரு பலகையை முடுக்கி, பிளக் பெட்டியை அந்தப் பலகையில் பூட்ட வேண்டும். வரிச்சியில் உளி வைத்துச் சுத்தியலால் அடிக்கக்கூடாது. அடித்தால் அந்த இடம் மட்டுமல்ல, பக்கத்துப் பூச்சும் சேர்ந்து சரியும். வயரைச் சுவருக்குள் புதைக்கத் தேவையே இல்லை. பிளாஸ்டிக் கேசிங் போட்டுச் சுவருக்கு வெளியே கொண்டுபோனால் போதும். அடுப்புக்கு மேலேயும், மழைக்கு ஊறும் சுவரிலும் பிளக் வைக்கக்கூடாது.

இவ்வளவுதான். இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. கொஞ்சம் மரம், கொஞ்சம் சீமெந்து, அளவான வயர், ஒரு நாள் வேலை. ஆகவே சுவர் தாங்காது என்பது பொய். செலவழிக்க மனம் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இரண்டாவது பதில்: நீங்கள்தான் கண்டபடி இழுக்கிறீர்கள்

இழுக்கிறோம். ஏன் இழுக்கிறோம் என்று கேட்டார்களா?

லயத்துக்கு முதன்முதலில் கரண்ட் வந்தபோது பல காம்பிராக்களுக்குக் கிடைத்தது ஒரு பல்ப்பும் ஒரு சுவிட்ச்சும்தான். இன்று அதே காம்பிராவில் தொலைபேசிக்குச் சார்ஜ் வேண்டும், பிள்ளை படிக்க விளக்கு வேண்டும், பள்ளிச் சட்டைக்கு அயன் வேண்டும், விடியுமுன் மலைக்குப் போகிற தாய்க்குத் தண்ணீர் சுட வைக்க கேத்தல் வேண்டும். பிளக் இல்லாத வீட்டில் இதையெல்லாம் எங்கே செருகுவது? பல்ப் ஹோல்டரில்தான்.

கணக்குப் பார்ப்போம். நம் நாட்டில் கரண்ட் 230 வோல்ட். 1500 வாட் கேத்தல் 6.5 அம்பியர் இழுக்கும். 1000 வாட் அயன் 4 அம்பியருக்கு மேல் இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 11 அம்பியர். லைட்டுக்குப் போடும் வயர் 1 சதுர மில்லிமீற்றர். பிளக்குக்குப் போட வேண்டியது 2.5 சதுர மில்லிமீற்றர். பல்ப் ஹோல்டரோ இப்படிப்பட்ட சுமைக்குச் செய்யப்பட்டதே அல்ல. மெல்லிய வயர் சுடும், மேலுறை இளகும். லயத்து அடுப்புப் புகையில் கருகி, எலி கடித்து, பனியில் நனைந்து கிடக்கும் பழைய வயரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

இன்னொன்றையும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ட்ரிப் சுவிட்ச் இருந்தால் போதும், தீப்பிடிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், கரண்ட் நம் உடம்பு வழியாக நிலத்துக்குப் போகும்போது விழும். அது உயிரைக் காக்கும். சுமை கூடினால் பிரேக்கர் விழும். ஆனால் பிளக் சுவரில் உறுதியாக நிற்காமல் ஆடும்போது, உள்ளே வயரைப் பிடித்திருக்கும் திருகாணி மெல்ல மெல்லத் தளர்கிறது. தளர்ந்த இடம் சுடுகிறது, கருகுகிறது, பொறி தட்டுகிறது. இந்தச் சூட்டை ட்ரிப் சுவிட்ச்சும் பிரேக்கரும் பெரும்பாலும் கண்டுபிடிப்பதில்லை. பின்னால் இருப்பதோ காய்ந்த வரிச்சியும் பலகையும் மட்டையும். சுவரைச் சரியாகப் பிடிக்காத பிளக் என்பது சுவருக்குள் வைத்த கொள்ளிக்கட்டை. அதனால்தான் சுவரைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம்.

அந்தக் கொள்ளி ஒரு காம்பிராவோடு நிற்பதும் இல்லை. பல லயங்களில் தடுப்புச் சுவர் கூரை வரை போவதில்லை. தகரத்துக்குக் கீழே முதல் காம்பிராவிலிருந்து கடைசிக் காம்பிரா வரை ஒரே வெளி. தீ அந்த வழியாக ஓடுகிறது. வயர் தகரத்தின் விளிம்பில் உரசி மேலுறை கிழிந்தால் லயம் முழுவதன் கூரையிலும் கரண்ட் பாயலாம். ஒரு வீட்டின் வயரிங் அந்த வீட்டுக்காரர் விஷயம் என்று நிர்வாகம் சொல்வது எவ்வளவு பெரிய ஏமாற்று என்பது இதிலிருந்தே விளங்கும்.

மீட்டர் விஷயமும் இப்படித்தான். நாம் குடியிருக்கும் காம்பிரா நமக்குச் சொந்தமில்லை. மீட்டர் கேட்டு மின்சார சபைக்குப் போனால் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் கொண்டுவரச் சொல்கிறார்கள். கடிதம் கேட்டுப் போனால் இன்று வா, நாளை வா. ஓய்வுபெற்றவர் என்றால், தோட்டத்தில் பெயர் இல்லாதவர் என்றால், கடிதமே கிடையாது. ஆகவே பக்கத்து வீட்டிலிருந்து இழுக்கிறார்கள். தனித்தனியே 40 அலகு பாவிக்கும் மூன்று குடும்பங்கள் ஒரே மீட்டரில் சேர்ந்தால் 120 அலகு. அலகு கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறும் என்பதுதான் வீட்டு மின் கட்டண முறை. ஆக, ஏழை மூன்று பேர் சேர்ந்து வசதியானவன் கட்டும் விலையைக் கட்டுகிறோம். கடிதத்தைக் கொடுக்காமல் இழுக்க வைத்ததும் அவர்கள். இழுத்தாய் என்று குற்றம் சாட்டுவதும் அவர்கள்.

மூன்றாவது பதில்: தனி வீடு வரும்

இதைத்தான் மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் நம்மவர்கள் சிலரும் இதைச் சொல்கிறார்கள். லயத்தைத் திருத்தக் கேட்டால் லயமே போதும் என்று நம்மை விட்டுவிடுவார்கள், தனி வீட்டுக் கோரிக்கை பலவீனப்படும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் ஏற்கவில்லை.

7 பேர்ச்சஸ் காணியும், அதற்கு உறுதிப் பத்திரமும், அதில் சொந்த வீடும் நம் உரிமை. அதில் ஓர் அங்குலமும் நாம் விட்டுக்கொடுக்கவில்லை. இந்திய உதவியில் 4,000 வீடுகள், பின்னர் 10,000 வீடுகள் என்று அறிவிக்கப்பட்டன. வந்த வீடுகளை வரவேற்றோம். ஆனால் லயத்தில் இருப்போர் தொகைக்கு அது எம்மாத்திரம்? நம் முறை வரும்வரை பிள்ளைகள் எங்கே தூங்குவார்கள்? இந்த லயத்தில்தான். தீ நம் முறை வரும்வரை காத்திருக்குமா?

லயம் எரிந்தால் சாமான் மட்டும் எரிவதில்லை. பிறப்புச் சான்றிதழ் எரிகிறது, அடையாள அட்டை எரிகிறது, சேமலாப நிதிக் கடதாசி எரிகிறது, அடகுச் சீட்டு எரிகிறது, பரீட்சை எழுதப்போகும் பிள்ளையின் கொப்பிகள் எரிகின்றன. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, ஒரு துண்டுக் கடதாசிக்காகத் தலைமுறை தலைமுறையாக அலைந்த மக்கள் நாம். நமக்குக் கடதாசி எரிவது என்றால் என்ன என்று மற்றவர்களுக்கு விளங்காது. உயிர் போனால் அதற்குப் பிறகு எந்த வீடு வந்து என்ன?

உயிரோடு இருக்கிறவனுக்குத்தான் தனி வீடு வேண்டும். பாதுகாப்பான கரண்ட் இன்றைக்கு, சொந்த வீடு கூடிய சீக்கிரம். இரண்டையும் சேர்த்தே கேட்போம்.

யார் பொறுப்பு?

1992இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற கம்பனிகள் தேயிலையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை; லயங்களையும் சேர்த்தே எடுத்தன. சுவரும் கூரையும் தங்களுடையது, வயர் மட்டும் தொழிலாளியுடையது என்று இப்போது பிரித்துப் பேச முடியாது. பிரதேச சபைகளும் ஒதுங்கி நிற்க முடியாது. தோட்டப் பகுதிக்குச் செலவு செய்யச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று முன்பு சொன்னார்கள். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. இனி அந்தச் சாக்கும் இல்லை.

நம் கோரிக்கைகள்

1. லயத்தில் குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மீட்டர். தோட்டத்தில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கேட்ட இரண்டு வாரத்துக்குள் நிர்வாகம் கடிதம் கொடுக்க வேண்டும்.

2. ஒவ்வொரு வீட்டுக்கும் ட்ரிப் சுவிட்ச், தனித்தனிப் பிரேக்கர், முறையான எர்த் கம்பி.

3. வீட்டுக்குக் குறைந்தது நான்கு 13 அம்பியர் பிளக்குகள். சுவரின் தன்மை பார்த்து, மரக் கட்டையிலோ பலகையிலோ உறுதியாகப் பூட்டப்பட வேண்டும்.

4. இதற்கான செலவில் ஒரு சதமும் சம்பளத்தில் வெட்டக்கூடாது.

5. இந்த வேலையை என்.வி.கியூ. சான்றிதழ் பெற்ற வயர்மேன்களைக் கொண்டு செய்ய வேண்டும். கொழும்பில் மாடிக் கட்டடங்களுக்கு வயர் இழுக்கும் நம் தோட்டத்துப் பொடியன்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும்.

6. ஆண்டுக்கொரு முறை நிர்வாகம், மின்சார சபை, தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து ஒவ்வொரு லயத்தையும் பரிசோதித்து அறிக்கை எழுத வேண்டும். எரிந்த பிறகு மட்டும் அறிக்கை எழுதும் வழக்கம் முடிய வேண்டும்.

தோட்டக் கமிட்டிகளுக்கு

வரும் மாதத்துக்குள் ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு பட்டியல் தயாரியுங்கள். எத்தனை காம்பிரா, எத்தனை குடும்பம், எத்தனை மீட்டர், ட்ரிப் சுவிட்ச் உண்டா, ஆடும் பிளக் எத்தனை, கருகிய ஹோல்டர் எத்தனை, வயர் தகரத்தைத் தொடுகிறதா என்று எழுதுங்கள். மாதர் தலைவிமார் இதில் முன்னிற்க வேண்டும். வீட்டுக்குள் எது சுடுகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஒபிசில் கொடுத்துத் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். மற்றதைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். நாளை ஏதும் நடந்தால் தெரியாது என்று எந்தத் துரையும் சொல்ல முடியாது.

அதுவரை, தொட்டால் சுடும் பிளக்கையும் கருகல் மணம் வரும் ஹோல்டரையும் பாவிக்காதீர்கள். கேத்தலையும் அயனையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். முக்கியக் கடதாசிகளை ஒரே பையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் வையுங்கள். இது நம் உயிருக்காக நாம் செய்வது. இதைக் காட்டி நிர்வாகம் தன் பொறுப்பிலிருந்து நழுவ விடமாட்டோம்.

இந்த நாட்டுக்கு டொலர் தேடிக் கொடுக்கும் கைகள் நம்முடையவை. அந்தக் கைகள் ஒரு சுவிட்ச்சைப் பயமில்லாமல் தட்ட முடியவில்லை என்றால் அது நமக்கு வெட்கமல்ல, தோட்டத்தை நடத்துகிறவர்களுக்கு வெட்கம். பட்டியலோடு வாருங்கள். ஒன்றாகப் போய்க் கேட்போம்.