அழுத்தத்தையும் கற்பிப்போம்

புதிய ஆங்கிலச் சொல்லொன்றைக் கரும்பலகையில் எழுதும்போது அதன் எழுத்துக்கூட்டலையும் பொருளையும் தவறாமல் சொல்லிக்கொடுக்கிறோம். அழுத்தம் எந்த ஒலியசையில் விழும் என்பதைச் சொல்வதில்லை. எழுத்துப் பரீட்சையில் அதற்குப் புள்ளி இல்லை. ஆனால் நேர்முகத்தேர்வில் நம் பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான்.

வட்டுக்கோட்டைக்கு இதில் ஒரு மரபு உண்டு. 1823இல் அமெரிக்க மிஷன் இங்கு தொடங்கிய செமினரியில் ஆங்கிலம் பயிற்றுமொழியாகவே இருந்தது. மாணவர் அதைக் காதால் கற்றனர். அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். பின்னர் கலித்தொகையைப் பதிப்பித்தார். இரண்டு மொழிகளின் ஓசையும் ஒரே காதில் குடியிருக்க முடியும் என்பதற்கு அவரே சான்று.

தமிழ்க் காது நீளத்தை அளக்கும்: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஆங்கிலக் காது அழுத்தத்தைத் தேடும். ஓர் ஒலியசை ஓங்க, மற்றவை மெலியும். நம் மாணவர் எல்லா உயிர்களையும் முழுதாக ஒலிப்பதால் ஓங்கியது எது எனக் கேட்பவருக்குத் தெரிவதில்லை. மெலிவைக் கற்பிக்க நம்மிடமே வழி இருக்கிறது. ‘பாட்டு’ என்பதன் ஈற்று உகரம் அரை மாத்திரையாகக் குறுகுவதை அவர்கள் அறிவார்கள். குற்றியலுகரத்திலிருந்து தொடங்கினால் ஆங்கிலத்தின் மெலிந்த உயிர் எளிதில் பிடிபடும்.

ஆனால் யாப்பின் அசையை அப்படியே கொண்டுபோகக்கூடாது. ‘மலர்’ நமக்கு ஒரே நிரையசை. ஆங்கிலக் கணக்கில் இரண்டு ஒலியசைகள். வரியிறுதியில் சொல்லை வெட்டும் அச்சு வழக்கையும் நம்ப முடியாது. ‘நொலெட்ஜ்’ என்ற சொல்லைப் பிரித்தானிய மரபு ‘எல்’ எழுத்துக்கு முன்னும், அமெரிக்க மரபு பின்னும் வெட்டும்.

சொற்களைக் குடும்பமாகக் கற்பியுங்கள். ‘ஃபோட்டோகிராஃப்’ முதல் ஒலியசையில் ஓங்கும், ‘ஃபொட்டோகிராஃபர்’ இரண்டாவதில், ‘ஃபோட்டோகிராஃபிக்’ மூன்றாவதில். ‘-ஷன்’, ‘-இற்றி’ ஈறுகள் வந்தால் அழுத்தம் பெரும்பாலும் அவற்றுக்கு முந்திய ஒலியசைக்குப் போகும். ‘றெக்கோர்ட்’ பெயராயின் முதலில் ஓங்கும், வினையாயின் இரண்டாவதில்.

இலண்டன் குரலைப் பிள்ளைகளிடம் நாம் கேட்கவில்லை. இலங்கை ஆங்கிலத்துக்கு அதற்கேயுரிய ஓசை உண்டு. எங்கும் விளங்கும் பேச்சே நம் இலக்கு. தரம் 6 முதல், எழுதும் ஒவ்வொரு புதிய சொல்லின் மேலும் ஒரு சிறு அழுத்தக்குறி இடுங்கள். வகுப்பை உரக்கச் சொல்லவையுங்கள். இதற்குப் புதிய பாடநூலோ கருவியோ வேண்டியதில்லை.